நம்பர் கைமாறிய பிறகு

அன்புள்ள கவினுக்கு,

விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊருக்கும் பிளம்பர், எலக்ட்ரீஷியன் பிடித்துத் தரும் ஆப் ஆரம்பிக்கப் போகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். கடன் வாங்குமுன் இதைப் படித்துவிடு.

போன வருஷம் வீட்டு மோட்டார் நின்றபோது நானும் ஓர் ஆப்பில்தான் ஆள் பிடித்தேன். நல்ல வேலைக்காரர். கிளம்பும்போது அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை ஆப்பைத் திறக்கவே இல்லை. அவருக்குக் கமிஷன் மிச்சம், எனக்குக் கட்டணம் மிச்சம். ஆள் எவ்வளவு நல்லவரோ, அவ்வளவு சீக்கிரம் உன் கடையிலிருந்து வாடிக்கை போய்விடும்.

இதற்கு மாறாக, பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ்ஸைப் பார். 2005 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஐதராபாத் போக ஃபணீந்திர சாமாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஏஜென்ட் ஏஜென்டாக அலைந்தபோதுதான் புரிந்தது: எந்த பஸ்ஸில் எத்தனை சீட் காலி என்பது அவர்களில் யாருக்குமே முழுசாகத் தெரியாது. மறு வருஷம் நண்பர்கள் இருவரோடு கம்பெனி தொடங்கினார். 2013இல் அதை இபிபோ குழுமம் வாங்கியது. ஒரு தடவை டிக்கெட் எடுத்தவர் ஏன் திரும்ப வந்தார்? டிரைவர் நம்பர் கையில் இருந்தாலும், வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி எந்த ஆம்னி பஸ்ஸில் இடம் இருக்கும் என்று அது சொல்லாதே! பஸ்காரருக்கும் அவசரம். வண்டி திண்டிவனம் தாண்டிவிட்டால் காலி சீட்டை யாரிடம் விற்பது?

கல்யாணத் தளம் வேறு ரகம். வரன் அமைந்தவர் திரும்பவே மாட்டார். ஆனால் முருகவேல் ஜானகிராமனின் பாரத்மேட்ரிமோனி, தரகர் மாதிரி தாலி கட்டும்வரை காத்திருப்பதில்லை. சந்தாவை முதலிலேயே வாங்கிவிடுகிறது.

ஆள் திரும்பத் திரும்ப வந்தாலும் போதாது. 2023 தொடக்கத்தில் சாப்பாடு டெலிவரி செய்யும் சொமேட்டோ சுமார் 225 சிறு நகரங்களில் கடையைக் கட்டியது. அதற்கு முந்தைய காலாண்டில் அத்தனை ஊரும் சேர்ந்து தந்தது மொத்த ஆர்டர் மதிப்பில் 0.3 சதவீதம்தான். ஒரு பார்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவே டெலிவரி பையன் சும்மா நின்றால் கட்டுப்படியாகாது. நம் பக்கத்து ஊர்களில் பிரியாணிக் கடையும் நடக்கிற தூரம், கடைக்காரரும் தெரிந்தவர்.

நீ இரண்டு ஊரை ஒரே சந்தையாக எண்ணுகிறாய். குழாய் ஒழுகுகிறது என்று விழுப்புரத்து ஆள் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் திண்டிவனத்துக்கு வருவாரா?

இந்தத் திட்டம் தேறாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு வாரம் ஹார்டுவேர் கடை வாசலில் நின்று பிளம்பர்களிடம் பேசு. வேலை தேடித் தர வேண்டாம். வேறு எதற்கு மாதாமாதம் உனக்குக் காசு கொடுப்பார்கள் என்று கேள். பைப் கடனுக்குக் கிடைக்கவா, பாக்கிக் கூலி வசூலாகவா? பதிலை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா