ஏரி நிறைந்திருக்கும்போதே

கேள்வி: ஏரிகளில் தண்ணீர் தளும்பும்போது, கடல்நீரைக் குடிநீராக்க இவ்வளவு செலவு தேவையா? (வாசகி, பெரம்பூர், சென்னை)

பதில்: தேவைதான் அம்மா. சென்னையின் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருப்பவை. அந்த மழை சில ஆண்டு கொட்டித் தீர்க்கும், சில ஆண்டு ஏமாற்றிவிடும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அடையாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. நான்கே ஆண்டில், 2019 கோடையில், அதே ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. லாரி எப்போது வரும் என்று தெரியாமல் தெருவோரம் குடங்கள் வரிசைகட்டி நின்றதை மறக்க முடியுமா? ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். 2010-இல் திறந்த மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீராக்கும் ஆலையின் திறனோ நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதாவது நாற்பது ரயில்! இப்படி ஓர் ஆலையை வறட்சி வந்தபின் கட்டத் தொடங்கினால் அந்தக் கோடைக்கு உதவாது.

உங்கள் கவலையிலும் நியாயம் உண்டு. உப்பைப் பிரிக்க மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். அதனால் ஏரியைத் தூர்வாருவதும் குழாய்க் கசிவை அடைப்பதும் கூடவே நடக்க வேண்டும். உங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டியில் கூழாங்கற்களுக்கிடையே மண் அடைத்திருந்தால், ஐப்பசி பிறக்குமுன் அள்ளிக் கழுவிப் போட்டுவிடுங்கள்.