பூமிக்கு ஒரு போர்வை போதும்

மார்கழி இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி கொட்டுகிறது. மேகம் மூடியிருந்தால் குளிர் குறைகிறது. இது விவசாயிகள் அனைவரும் அறிந்ததே. பகலில் சூடேறிய நிலம் இரவில் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளிவிடுகிறது. மேகம் அதில் ஒரு பகுதியைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது.

மேகம் இல்லாத நாளிலும் இவ்வேலையைச் செய்யும் வாயுக்கள் காற்றில் உள்ளன. நீராவி, கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இதற்குப் பசுமைக்குடில் விளைவு என்று பெயர். இது இயற்கையானது, தேவையானது. இப்போர்வை இல்லாவிடில் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரி சென்டிகிரேடு அளவில் இராது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக்கு இறங்கிவிடும்.

அப்படியானால் புவி வெப்பமாதல் என்பது என்ன? நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் மனிதன் இப்போர்வையின் கனத்தைக் கூட்டிவிட்டான். 1750ஆம் ஆண்டு வாக்கில் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024இல் அது 420 பங்கைத் தாண்டியது.

வெயில் கூடியதே காரணம் என்பர் சிலர். சூரியன் காரணமானால் மேல் வளிமண்டலமும் சூடேற வேண்டும். ஆனால் அது குளிர்ந்து வருகிறது. வெப்பம் கீழேயே தங்கிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

இதனால் பயிருக்கு என்ன கெடுதல்? பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 1979 முதல் 2003 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2004இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடும்போது நெல் மகசூல் 10 சதவிகிதம் குறைந்தது. புழுக்கமான இரவில் பயிர் சுவாசத்துக்காகவே அதிக மாவுச்சத்தைச் செலவிடுகிறது.

போர்வையைக் கனமாக்கியதில் பெரும்பங்கு எரிபொருளுடையது. எனினும் எப்போதும் நீர் தேங்கிய நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வெளியாகிறது. அதைக் குறைத்தால் விவசாயிக்கும் லாபமுண்டு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதே வழி.

ஒரு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் அடிப்பகுதியில் 8 அங்குலம் வரை துளைகள் இடவும். துளையிட்ட பகுதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் பதித்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடவும். நட்ட இரண்டு வாரம் கழித்து, குழாயினுள் நீர் மண்மட்டத்திலிருந்து 6 அங்குலம் இறங்கிய பின் 2 அங்குல உயரத்துக்கு நீர் கட்டவும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயல் காயக்கூடாது. கிணற்றுப் பாசனம் போல நினைத்தபோது நீர் கிடைக்கும் இடங்களுக்கே இம்முறை ஏற்றது.

இதனால் மீத்தேன் ஏறத்தாழ பாதியாகக் குறையும். பாசன நீரில் 30 சதவிகிதம் வரை மிச்சமாகும். யூரியாவையும் ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடவும். பயிருக்குச் சேராத உரம் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறி, போர்வையில் சேருகிறது. பணமும் அதனுடன் போகிறது.