சறுக்கல் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: மகன் கார் வாங்கியிருக்கிறான். வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்க ஒருநாள் பயிற்சி என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். சேர்த்துவிடலாமா?
– ஒரு வாசகர், நெமிலி.

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நார்வேயில் 1979-இல் புது ஓட்டுநர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது, இளைஞர்களுக்கு வழுக்குச் சாலை விபத்து குறையவில்லை, கூடியிருந்தது! 'சறுக்கினாலும் சமாளிச்சுக்கலாம்' என்ற தெம்பில் வேகம் ஏறிவிடுகிறது. கற்ற வித்தையோ பழகாவிட்டால் மறந்துபோகிறது.

உங்கள் பக்கம் வண்டி எங்கே வழுக்கும்? சேடை ஓட்டிவிட்டு ரோட்டில் ஏறும் டிராக்டர் உதிர்த்த சேற்றில். அறுவடைச் சமயத்தில் தார் ரோட்டில் காயப்போட்ட நெல்லில். கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில், புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் குழம்பிக் கிடக்கும்போது. மூன்றுக்கும் மருந்து முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதுதான்.

டயர் பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும். மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அவசரத்தில் பிரேக்கை அழுத்தினால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பலர் வண்டி கெட்டுவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது, அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். காலி மைதானத்தில், அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் மகன் இதைப் பழகட்டும். செலவு பெட்ரோல்தான்.

அப்படியும் பணம் கட்டுவதென்றால், வண்டியைச் சுழற்றிக் காட்டும் வகுப்பு வேண்டாம். ஈரத்தில் பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் தள்ளிப்போய் நிற்கும் என்று காட்டுகிற வகுப்பாகப் பாருங்கள்.