திருமலையில் ஓய்வும் கைங்கரியமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: திருமலை மிராசு அர்ச்சகருக்கு ஓய்வே கிடையாது, மூச்சுள்ளவரை பூசை அவருடையது.

உண்மை: வைகானச ஆகமப்படி பூசை நடக்கும் ஏழுமலையான் கோயிலில் பைடிப்பள்ளி, கொல்லப்பள்ளி, பெத்திண்டி, திருப்பதம்மா ஆகிய நான்கு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அர்ச்சனை செய்துவந்தன. மிராசு எனப்பட்ட அந்தப் பரம்பரை உரிமையை 1987-ஆம் ஆண்டு ஆந்திர அறநிலையச் சட்டம் ரத்து செய்தது. எதிர்த்துத் தொடரப்பட்ட ஏ.எஸ். நாராயண தீட்சிதுலு வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. பூசை முறை சமயத்தைச் சேர்ந்தது, அர்ச்சகரை நியமிப்பது நிர்வாகத்தைச் சேர்ந்தது என்பது அதன் நிலைப்பாடு. தமிழ்நாட்டின் சேஷம்மாள் வழக்கில் 1972-இலேயே இந்தக் கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. பின்னர் 2007 சட்டத் திருத்தம், தகுதியுள்ள அர்ச்சகர் குடும்பத்தினருக்கு மீண்டும் வழிவிட்டது.

நம்பிக்கை: 65 வயதில் ஓய்வு என்று 2018-இல் முடிவாகிவிட்டது.

உண்மை: அறிவிப்பு வந்தது, நிலைக்கவில்லை. 2018 மே மாதம் கோயிலை நிர்வகிக்கும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 65 என்று வரம்பு வகுத்ததும், ரமண தீட்சிதுலு உள்ளிட்ட தலைமை அர்ச்சகர்கள் பொறுப்பிழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அர்ச்சகர்களுக்குச் சாதகமாக அமைந்தது. அதைக் காட்டி 2021 ஏப்ரலில் தேவஸ்தானம் அவர்களைத் திரும்ப அழைத்தது. வயதை மட்டும் வைத்து அளப்பது எத்தனை தளர்வான அளவுகோல் என்பதற்கு அரசு அலுவலகங்களே சாட்சி: ஆந்திர அரசு ஊழியரின் ஓய்வு வயது 2014-இல் 58-இலிருந்து 60 ஆனது, 2022 ஜனவரியில் 62 ஆனது. விடியுமுன் சுப்ரபாதத்தில் தொடங்கி நள்ளிரவு ஏகாந்த சேவை வரை நீளும் சன்னிதிப் பணிக்கு உடல் ஒத்துழைக்கிறதா என்பதுதான் நியாயமான கேள்வி. அதற்கு ஆளுக்கு ஆள் பதில் வேறு.

நம்பிக்கை: வேலையை விட்டவருக்குக் கோயிலில் வேலை இல்லை.

உண்மை: 2000-இல் தொடங்கிய ஸ்ரீவாரி சேவையில் தொண்டர்கள் வரிசையை ஒழுங்குபடுத்துகிறார்கள், அன்னதானக் கூடத்தில் பரிமாறுகிறார்கள். ஊதியம் கிடையாது. சேவைக்குச் சேவை வயது வரம்பு வேறுபடும்; பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

நம்பிக்கை: படியேறாமல் பேருந்தில் போனால் பலன் குறைவு.

உண்மை: மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து நடைபாதை சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். அறுபதைக் கடந்தவர்களும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் நடந்து வரவேண்டாம் என்று தேவஸ்தானமே 2024-இல் அறிவுறுத்தியது. வைணவ மரபும் முதியவரை வருத்தவில்லை. இராமானுசரின் தாய்மாமனும் ஆசிரியருமான திருமலை நம்பி, பாபவிநாசத்திலிருந்து தினமும் அபிஷேக நீர் சுமந்தவர். தள்ளாத வயதில் அவர் படும் பாட்டைக் கண்டு, பெருமாளே வேடனாக வந்து அம்பெய்து, கோயிலுக்கு இன்னும் அருகில் ஆகாச கங்கையைக் காட்டினார் என்கிறது மரபு. நம்பி கைங்கரியத்தை விடவில்லை, தூரம்தான் குறைந்தது. ஆண்டுதோறும் திருமலையில் நடக்கும் தண்ணீரமுது உற்சவம் இந்த நிகழ்ச்சியின் நினைவாகவே நடக்கிறது.

65 நிறைந்தவர்களுக்கு இன்று மூத்த குடிமக்கள் தரிசனம் தனியாக உண்டு. முன்பதிவுச் சீட்டையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு, திருப்பதியில் பேருந்து ஏறினால் போதும்.