மூக்கில் பாதியைக் காணோம்!

கேள்வி: நண்பர் தான் வரைந்த படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கிறார். குறையைச் சொன்னால் நட்பு முறியுமா?

பதில்: முறிந்திருக்கிறது. 1885-இல் ஓவியர் வான்கோ, தன் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தின் காட்சியைக் கல்லச்சுப் படமாகவும் வரைந்து, சக ஓவியரான நண்பர் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். பதில் கடிதம் பொரிந்து தள்ளியது. வலப்பக்கத்து ஆளுக்கு முழங்கால் எங்கே, வயிறு எங்கே? கை ஏன் ஒரு மீட்டர் குட்டை? மூக்கில் பாதியைக் காணோமே! இந்த லட்சணத்தில் ஓவிய மேதை மிலேயின் பெயரை வேறு இழுப்பதா என்ற குத்தலும் உண்டு.

வான்கோ கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஆண்டோடு நட்பும் போயிற்று.

இத்தனைக்கும் கையைப் பற்றிய குறிப்பு உருப்படியானதுதான். எங்கே திருத்தலாம் என்று விரல் வைத்துக் காட்டுகிறது. கெடுத்தது, அந்த மிலே குத்தல் போன்ற ஏளனத் தொனி. கடிதத்தைத் திருப்பியனுப்பிய அதே வான்கோதான் 1886 ஜனவரியில் ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்தில் சேர்ந்து, சுதைச் சிலைகளைப் பார்த்து வரைந்து பழகினார்!

உங்கள் நண்பரிடம் முதலில், படம் முடிந்துவிட்டதா, இன்னும் கைவைக்கப் போகிறாரா என்று கேளுங்கள். கைவைப்பார் என்றால், குட்டையாகத் தெரியும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். மிலேயை மட்டும் இழுக்காதீர்கள்.