அரளி: மாலைக்கு ஆகும், வாய்க்கு ஆகாது

குமுளி மலைமேல் இருக்கிறது. மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கு. மேலே ஏலமும் மிளகும் விளைகின்றன. கீழே நெல், திராட்சை, வாழை, பூ விளைகின்றன. பூ மூட்டைகள் குமுளிச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகின்றன. கேரளக் கோயில்களுக்கு வேண்டிய அரளிப் பூ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறது. அந்தச் செடிக்குத் தமிழிலும் அரளி என்றே பெயர். மலையாளத்திலும் அரளிதான்.

அரளி ஏழை விவசாயிக்கு ஏற்ற செடி. விதை வாங்க வேண்டாம். முற்றிய குச்சியை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் நடலாம். ஆறு, ஆறரை அடிக்கு ஒரு குழி போதும். குழியில் தொழு உரம் போட வேண்டும். நட்ட 4-ஆம் மாதத்தில் பூக்கத் தொடங்கும். பிறகு ஆண்டு முழுவதும் பூக்கும். கோடையில் கூடுதலாகப் பூக்கும். தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். இலை எப்போதும் பச்சையாகவே இருக்கும்.

விடியற்காலையில், விரியாத மொட்டாகப் பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் சந்தைக்குப் போவதற்குள் வாடிவிடும். ஒவ்வொரு மொட்டாகக் கையால்தான் கிள்ள வேண்டும். செடிக்குச் செலவு குறைவு. பறிப்புக் கூலிதான் அதிகம்.

நான்குவழிச் சாலைகளின் நடுவே அரளி வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏன் அதை நட்டார்கள்? வெயிலைத் தாங்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் மறைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஆடு, மாடு அதைக் கடிக்காது.

ஏன் கடிக்காது? இலை கசக்கும். அதில் நஞ்சு இருக்கிறது. இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாவற்றிலும் உண்டு. இந்த நஞ்சு இதயத்தைத் தாக்கும். முதலில் வாந்தியும் வயிற்று வலியும் வரலாம். பிறகு நாடித் துடிப்பு தாறுமாறாகும். உயிரே போகலாம். மஞ்சள் அரளி வேறு வகைச் செடி. அதுவும் நஞ்சுதான். அதன் கொட்டையை வைத்துப் பிள்ளைகள் விளையாடுவார்கள். விளையாடவே விடக்கூடாது.

2024 ஏப்ரல் கடைசியில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் இறந்தார். அவர் அரளி இலையை மென்றதே காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதே சமயம் அடூர் பக்கம் ஒரு பசுவும் கன்றும் அரளித் தழையைத் தின்று இறந்ததாகச் செய்தி வந்தது. செடியில் நிற்கும் இலையைத்தான் மாடு ஒதுக்கும். வெட்டிப் போட்டு வாடிய தழை மற்றத் தீவனத்தோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. ஆகவே வெட்டிய கிளைகளை மாட்டுத் தொழுவத்தின் பக்கம் போடக்கூடாது. எரிக்கவும் கூடாது. புகையும் கெடுதல்.

2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு ஒரு முடிவு எடுத்தது. நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்கக் கூடாது என்றது. மலபார் தேவஸ்வம் போர்டும் அப்படியே செய்தது. மற்றப் பூஜைகளுக்குத் தடை இல்லை. இது சரியான முடிவுதான். பிரசாதம் வாயில் போடுவதற்கு, மாலை சாத்துவதற்கு. பிரசாதத்துக்குத் துளசியும் தெச்சியும் இருக்கின்றன. நாம் இட்லிப்பூ, வெட்சி என்று சொல்லும் பூவைத்தான் மலையாளத்தில் தெச்சி என்கிறார்கள். அதுவும் என்றும் பச்சையாக இருக்கும் செடி. குச்சி நட்டால் வளரும். வீட்டு வாசலில் பிள்ளைகள் ஓடியாடும் இடமென்றால் அரளியை விட அதுவே மேல்.

அரளி பயிரிடுகிறவர்கள் பயந்து செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. பூப் பறித்தபின், மாலை கட்டியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழுவாமல் சாப்பிடாதீர்கள். பால் கண்ணில் படக்கூடாது. குச்சியால் பல் துலக்காதீர்கள்.

யாராவது அரளியைத் தின்றுவிட்டால் என்ன செய்வது? உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து நேரம் கடத்த வேண்டாம். நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே எண்தான். தின்ற செடியின் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த அரளி, எப்போது தின்றார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.