ஐபி முகவரி ஆள் ஆகாது

நம்பிக்கை: “ஃபயர்வாலில் நம்ம ஐபி முகவரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. அப்புறம் வெளியாள் எப்படி நுழைவான்?”

பாண்டுப்பில் எல்பிஎஸ் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டைகளில் சின்னச் சின்ன அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். போகிற இடமெல்லாம் இதைச் சொல்கிறார்கள். மும்பையில் இருந்துகொண்டு இதை நம்பலாமா? 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சலின் தடம் நவி மும்பை சான்பாடாவில் ஒரு வீட்டு வைஃபையில் போய் நின்றது. ஆகஸ்டில் வந்த அடுத்த மின்னஞ்சல் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பைக் காட்டியது. செப்டம்பர் 13, டெல்லியில் குண்டு வெடித்த நாளில் வந்தது செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தைக் காட்டியது. அனுப்பியவர்களுக்கும் அந்த இடங்களுக்கும் சம்பந்தமே இல்லை. சரியாகப் பூட்டாத வைஃபையில் புகுந்து அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். ஐபி முகவரி கட்டடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. ஆளைச் சொல்லவில்லை.

உண்மை: ஆள் யாரென்று கேட்டுவிட்டு வழி திறக்கும்படி ஃபயர்வாலை அமைக்க முடியும்.

“அதுக்குப் பெரிய கம்பெனிப் பெட்டி வாங்கணுமே” என்பார்கள். வேண்டாம். இலவச இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியில், 2002-இல் வந்த 3.1 பதிப்பிலிருந்தே ஆத்பிஎஃப் என்ற நிரல் கூடவே வருகிறது. பயனர் எஸ்எஸ்ஹெச் வழியாக வாசல் சர்வருக்குள் லாகின் செய்கிறார். அவருடைய சாவி சரியாக இருந்தால், அந்த நேரத்தில் அவர் எந்த முகவரியில் இருக்கிறாரோ அதற்கு மட்டும் விதிகள் ஏறும். இணைப்பை மூடினால் விதிகளும் இறங்கிவிடும். யார், எங்கிருந்து, எப்போது வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பது சர்வர் பதிவேட்டில் விழும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி இத்தகைய பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதில் ஆள் பெயரும் இருந்தால்தான் நாளைக்கு நமக்கு உதவும்.

“எல்லாருக்கும் லாகின் கொடுத்தால் சர்வருக்குள் நோண்ட மாட்டார்களா?” நியாயமான பயம்தான். ஆனால் அவர்களுக்கு ஷெல்லே கிடையாது. ஷெல் இருக்க வேண்டிய இடத்தில் ஆத்பிஎஃப் உட்கார்ந்திருக்கும். திரையில் ஒரு வரவேற்பு வரி வந்து அப்படியே நிற்கும். எந்தக் கட்டளையும் ஓடாது.

முதன்முதலாக அமைத்தபோது ஒரு ராத்திரி பாதி போனது எனக்கு. ஓபன்பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப்பின் விதிகளில் ஆத்பிஎஃப்புக்கான ஆங்கர் வரியைச் சேர்த்திருந்தேன், விதிக் கோப்பும் சரி, சாவியும் சரி. ஆனாலும் உள்ளே விடவில்லை. ஈடிசியில் உள்ள ஆத்பிஎஃப் அடைவுக்குள் ஆத்பிஎஃப்.கான்ஃப் என்ற கோப்பு இல்லாததுதான் காரணம். அதில் ஒன்றும் எழுத வேண்டியதில்லை, காலியாக இருக்கலாம். ஆனால் இருந்தாக வேண்டும்.

இன்னொரு நம்பிக்கை ஆபத்தானது: “லேப்டாப்பை மூடிட்டா வழியும் மூடிடும்.” ஆள் இன்னும் இருக்கிறாரா என்று எத்தனை விநாடிக்கு ஒருமுறை கேட்பது என்பதைச் சொல்லும் கிளையண்ட்அலைவ்இன்டர்வல், எஸ்எஸ்ஹெச்டி அமைப்பில் இயல்பாகப் பூஜ்யம், அதாவது கேட்பதே இல்லை. அப்படியே விட்டால், ஆள் போன பிறகும் வழி திறந்தே கிடக்கலாம். அதே முகவரியை எடுத்துக்கொள்கிறவர் உள்ளே வரலாம். 15 விநாடி இடைவெளி, 3 முறை என்று வைத்தால் பதில் இல்லாத இணைப்பு முக்கால் நிமிடத்தில் அறுந்துவிடும்.

ஆத்பிஎஃப்பால் ஆகாததையும் சொல்லியாக வேண்டும். வழி திறந்தபின் அதில் போகிற தரவை அது மறையாக்கம் செய்வதில்லை. அதற்கு விபிஎன் வேண்டும். ஒரே ரவுட்டருக்குப் பின்னால் பத்துப் பேர் ஒரே ஐபியில் வந்தால், ஒருவர் லாகின் செய்ததும் பத்துப் பேருக்கும் வழி திறந்துவிடும். அப்படிப்பட்ட அலுவலகத்துக்கு நான் இதைப் பரிந்துரைப்பதே இல்லை.

வேலையை விட்டுப் போனவரின் பெயரில் ஆத்பிஎஃப்பின் பேண்டு அடைவில் ஒரு கோப்பு போட்டால் அவர் மறுபடி நுழைய முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அவர் உள்ளே இருந்தால் அவருடைய இணைப்பு தானாக அறுபடாது. ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் அவர் பெயரும் முகவரியுமாக அந்த ஆத்பிஎஃப் தெரியும். அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.